17 வயசுப் பையனுக்கு ஆயுள் மறியலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் டவுனில் ஒரு போட்டோகொப்பி கடைக்குள் எனக்கு ஒரு மேசை உண்டு. சிங்களத்தில் வரும் பொலிஸ் அறிக்கை, வாக்குமூலப் பிரதி, நீதிமன்றக் கட்டளை ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கொடுப்பதும், தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் எழுதிக் கொடுப்பதும் வேலை. நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் சட்டத்தரணியைப் பார்க்கப் போகிறவர்களும் பார்த்துவிட்டு ஒன்றும் விளங்காமல் வருகிறவர்களும் என் மேசையில்தான் நிற்கிறார்கள். டிக்கோயா, பொகவந்தலாவ, மஸ்கெலியா என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி மட்டும் மாறுவதில்லை. கேட்டவர்களின் வாயிலிருந்து வந்தபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

"எம் மகனுக்கு 17 வயசு. பந்தடிக்கப் போன எடத்துல சண்ட, ஒரு புள்ள செத்துப்போச்சு. எம் மகனத் தூக்குல போட்டுருவாங்களா?"

போட மாட்டார்கள். 18 வயது நிரம்பாதவருக்கு மரண தண்டனை விதிக்கக் கூடாது என்று தண்டனைச் சட்டக்கோவையின் 53ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. பெரியவர்களுக்கே இலங்கையில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியது 1976 ஜூனில்தான். அதற்குப் பிறகு தீர்ப்பு வருகிறது, கயிறு வருவதில்லை.

இதைச் சொன்னதும் முகம் தெளிந்து எழும்பிப் போகிறவர்களைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைப்பேன். தூக்குக்குப் பதிலாக என்ன என்பதில்தான் சங்கதி இருக்கிறது. பழைய வாசகம், ஜனாதிபதி விரும்பும் காலம்வரை தடுத்து வைத்தல். வெள்ளைக்காரன் காலத்துச் சொல் அது. அரசர் இருந்த நாற்காலியில் பிறகு ஜனாதிபதி உட்கார்ந்தார். அதில் திகதி என்று ஒன்று கிடையாது. 2021இல் அந்தப் பிரிவைத் திருத்தி, சட்டப்படி அமைந்த ஒரு நிறுவனத்தில் தடுத்து வைத்தல் என்று மாற்றினார்கள். எவ்வளவு காலம் என்று கட்டளையில் எழுதியிருக்கிறதா என்பதைத் தீர்ப்பு வந்த அன்றே லோயரிடம் கேட்டு, ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. திடீரென்று மூண்ட சண்டையில், முன்கூட்டி யோசிக்காமல் ஒரு உயிர் போனால், அது சட்டத்தில் கொலைக்கு ஒரு படி கீழே நிற்கும். அதற்கு 20 வருடம் வரை சிறை. எந்தப் பிரிவின் கீழ் வழக்கு என்பது குற்றப்பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே இருக்கும். 294, 296 என்றால் கொலை, 297 என்றால் அந்தக் கீழ்ப்படி; அங்கே இருக்கும் இந்த எண்களைத்தான் நான் முதலில் தேடுவேன்.

"ஆயுள் தண்டனன்னா 14 வருஷம்தானே?"

அந்தப் 14 தமிழ்நாட்டுப் படங்களிலிருந்து வந்தது. இந்தியாவில் குறித்த வகை ஆயுள் கைதிகள் 14 வருடம் முடியும் முன் விடுதலை பெற முடியாது என்று ஒரு விதி இருக்கிறது. அது நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வந்து சேர்வதற்குள், 14 வருடம் ஆனால் விட்டுவிடுவார்கள் என்று திரும்பிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல.

இங்கே ஆயுள் என்றால் தாளில் ஆயுள்தான். ஜனாதிபதி அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரைப்படி குறைக்கலாம், மன்னிக்கலாம். வெசாக்குக்கும் சுதந்திர தினத்துக்கும் பட்டியல் வரும்; அதில் பெயர் வருமா வராதா என்று தாய்மார் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் சின்னக் குற்றக்காரர்களின் பெயர்தான் வரும்.

"எத்தன வயசு வரைக்கும் புள்ளன்னு கணக்கு?"

12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது குற்றமே ஆகாது. 2018க்கு முன் இந்த எல்லை 8 வயதாக இருந்தது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால், தான் செய்வது என்னவென்று விளங்கும் பக்குவம் அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும்.

சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. அதன்படி 14 வரை சிறுவர், 14க்கும் 16க்கும் இடையில் இளம் ஆள். 16 நிரம்பிவிட்டால் அந்தச் சட்டத்துக்கு அவன் பெரிய ஆள். எண்பது வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. 2022 திருத்தத்தில்தான் 18க்குக் குறைந்த எல்லாரும் சிறுவர் என்றானது. பக்கத்து லயத்தில் பழைய அனுபவம் உள்ளவர், "16 முடிஞ்சா பெரியாளு கேஸுதான்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் காலத்தில் அப்படித்தான்.

"சிறுவர் கோர்ட்டுன்னு ஒண்ணு இருக்காமே, அங்க போட முடியாதா?"

தனியான சிறுவர் நீதிமன்றம் சில இடங்களில் மட்டும்தான் உண்டு. மற்ற ஊர்களில் நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாக அமர்ந்து விசாரிக்கும். வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள். பிள்ளையின் பெயர், விலாசம், பள்ளிக்கூடம் எதையும் பத்திரிகையில் போடக் கூடாது. பேஸ்புக்கில் படத்தோடு போடும் நம் ஊர் ஆட்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

கொலை போன்ற பாரதூரமான சில குற்றங்கள் மட்டும் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு வெளியே. அவை மேல் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே லோயர் வைக்க வசதியில்லை என்றால் அரச செலவில் ஒருவரை நியமிக்கக் கேட்கலாம். அதற்கு முந்திய கட்டத்துக்கு சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். வட்டிக்கு வாங்கி, நகையை அடகு வைத்து, அப்புறம் என்னிடம் வராதீர்கள்.

"பெரியாளுங்களோட ஒரே மறியல்லதான் போடுவாங்களா?"

போடக் கூடாது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமை சமவாயத்தின் 37ஆம் உறுப்புரை, தடுத்து வைக்கும் பிள்ளையைப் பெரியவர்களிடமிருந்து பிரித்து வைக்கச் சொல்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு நன்னடத்தைத் திணைக்களத்தின் கீழ் தடுப்பு இல்லமும் சான்றுபெற்ற பாடசாலையும் உண்டு. 16க்கும் 22க்கும் இடைப்பட்டவர்களைப் பயிற்சிப் பாடசாலைக்கு அனுப்ப 1939இலேயே தனிச் சட்டம் வந்தது. சிறைச்சாலைத் திணைக்களத்தின் இளம் குற்றவாளிகள் சீர்திருத்த நிலையங்களில் ஒன்று பதுளைப் பக்கம் தல்தெனவில் இருக்கிறது, இன்னொன்று நீர்கொழும்புக்குக் கிட்ட பல்லன்சேனையில்.

நடைமுறையில் சறுக்குவது தீர்ப்புக்கு முன்னால், விளக்கமறியலில். வயது சரியாக எழுதப்படாத பையன், 19 என்று யாரோ எழுதிவிட்ட பையன், பெரியவர்களின் வண்டியில் ஏறிவிடுகிறான். இலங்கைச் சிறைகளில் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆள் இருக்கிறார்கள். படுக்க முறை வைத்துப் படுப்பதை உள்ளே போய் வந்தவர்கள் சொல்வார்கள். 2020 நவம்பரில் மஹர சிறையில் கலவரம் வந்து 11 பேர் இறந்தார்கள். அது பெரும்பாலும் விளக்கமறியல் கைதிகளை வைத்திருந்த சிறை.

தண்டனை எதுவென்று வாதிடுகிறவர்கள் இந்த முதல் சில வாரங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. உள்ளே ஒரு பையனுக்கு முதல் சோப்பையும் முதல் பீடியையும் கொடுக்கிற ஆள் யாரோ, அவர்தான் அப்புறம் அவனுக்கு அண்ணன்.

"சம்பவம் நடந்தப்ப 17. கேஸ் முடியுறப்ப 25. எந்த வயசக் கணக்குல எடுப்பாங்க?"

சம்பவம் நடந்த அன்றைய வயது. முதல் பதிலில் சொன்ன 2021 திருத்தத்தில் மிகப் பெரிய விஷயம் இதுதான். அதற்கு முன் வாசகம், நீதிமன்றத்தின் கருத்தில் 18க்குக் குறைந்தவராக இருக்கிறவர் என்பது போல் இருந்தது. கொலை வழக்கு மேல் நீதிமன்றத்தில் முடிய எத்தனை வருடம் ஆகும் என்று மலையகத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 17 வயதில் உள்ளே போனவன் தாடி மீசையோடு கூண்டில் நிற்பான். அவனைப் பார்த்துப் பிள்ளை என்று யார் நினைப்பார்கள்? இப்போது குற்றம் நடந்த நேரத்து வயது என்று எழுத்திலேயே இருக்கிறது. அதை நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் வீட்டுக்காரர் தலையில்.

"பொறந்த சேட்டிபிகேட் இல்ல. அப்ப என்ன செய்றது?"

என் மேசையில் அதிக நேரம் எடுக்கும் கேள்வி இது. ஒரு நாள் மழைக்குள் ஒரு அம்மா வந்தார். கொழுந்துக் கூடைக்கு உடம்பில் கட்டும் படங்குச் சாக்கை அவிழ்க்கவும் இல்லை. சிலிசிலி பேக்கை மூன்று மடிப்பாகச் சுற்றி, அதற்குள் ஒரு லன்ச் ஷீட், அதற்குள் தாள்கள். மகனின் கிளினிக் அட்டையில் ஒரு பிறந்த நாள். பள்ளிக்கூட விடுகைப் பத்திரத்தில் இன்னொன்று, எட்டு மாதம் தள்ளி. தோட்டத்து ஆஸ்பத்திரித் துண்டில் தாயின் பெயரே வேறு. பையனின் பெயர் மூன்றிலும் மூன்று விதம்: பொறுப்பில் இருந்த ஆள் காதில் எப்படி விழுந்ததோ அப்படி.

பிறப்பைப் பதியாமலே விட்டிருந்தால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அதுவும் முடியாதபோது உத்தேச வயதுச் சான்றிதழ் கேட்கலாம். கிராம சேவகர், பிரதேச செயலகம், பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பு, ஞானஸ்நான இடாப்பு, தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா (குழந்தைகள் காப்பகம்) பதிவு என்று எதுவெல்லாம் இருக்கிறதோ எல்லாவற்றிலும் பிரதி எடுங்கள். சட்ட வைத்திய அதிகாரி பல்லையும் எலும்பையும் பார்த்து வயது சொல்வார். ஆனால் அது ஓரிரு வருடம் முன்னே பின்னே போகும். 17க்கும் 18க்கும் இடையில் ஒரு வருடம் என்பது என்னவென்று உங்களுக்கே தெரியும்.

வயதைக் கூட்டி எழுதும் பழக்கம் நம்மிடமும் உண்டு, மறைக்க வேண்டாம். கொழும்பில் கடை வேலைக்கு, வீட்டு வேலைக்கு, வெளிநாட்டுக்கு அனுப்ப வயதை ஏற்றுகிறோம். சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன மூதூர் ரிசானா நபீக்கை எல்லாருக்கும் நினைவிருக்கும். கடவுச்சீட்டில் பிறந்த வருடம் 1982. பிறப்புச் சான்றிதழில் 1988. அவர் பார்த்துக்கொண்ட குழந்தை 2005இல் இறந்தபோது, சான்றிதழின்படி அவருக்கு 17 வயது. சவூதி நீதிமன்றம் கடவுச்சீட்டைப் பார்த்தது. 2013 ஜனவரி 9 அன்று தலை வெட்டப்பட்டது. ஏஜென்சிக்காரன் ஏற்றி எழுதிய 6 வருடம் அது.

"ஸ்டேசன்ல சிங்களத்துல எழுதி கையெழுத்து வாங்கிட்டாங்க. ஒத்துக்கிட்டதா அர்த்தமா?"

பொலிஸாரிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் சான்றாக எடுக்க முடியாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அப்படி. வாக்குமூலத்தை எழுதிய பிறகு, சொன்னவருக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும், திருத்தவும் கூட்டவும் இடம் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். வாசித்துக் காட்டவில்லை என்றால் அதை முதல் தவணையிலேயே லோயரிடம் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் தமிழ் உரைபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை, யாரும் செய்யும் தயவு இல்லை. பிள்ளையை அடித்திருந்தால் 1929க்கு, அதாவது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு, அல்லது மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996க்கு எடுங்கள்.

2015 செப்டம்பரில் கொட்டதெனியாவவில் ஒரு சின்னப் பிள்ளை கொலையானது. 17 வயது மாணவன் ஒருவனைப் பிடித்தார்கள். ஊரே அவனைத் தூக்கில் போடச் சொன்னது. மரபணுப் பரிசோதனை அவனுடையதல்ல என்று சொன்னது. வெளியே வந்து தன்னை அடித்த விதத்தைச் சொன்னான். பிறகு வேறொரு ஆள் பிடிபட்டுத் தண்டனை பெற்றான். "அந்த வயசுலயே இப்பிடியா" என்று யாராவது தொடங்கினால் எனக்கு அந்தப் பையன்தான் நினைவுக்கு வருகிறான்.

"பொண்ணுக்கு 15, பையனுக்கு 17. விரும்பித்தான் ஓடிப்போனாங்க. இதுக்கும் மறியலா?"

16க்குக் குறைந்த பெண் சம்மதித்தாலும் சட்டத்தின் கண்ணில் அது சம்மதம் இல்லை. 1995 திருத்தம் இதற்குக் குறைந்தது 10 வருடச் சிறை என்று வைத்தது; பையன் 18க்குக் குறைந்தவன், பெண்ணும் சம்மதித்தாள் என்றால் மட்டும் அதற்குக் குறைவாகவும் விதிக்கலாம் என்றது. பிறகு நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம், குறைந்தபட்ச தண்டனை இருந்தாலும் நீதிபதி தன் தற்றுணிபை, அதாவது தானே முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தலாம் என்று சொன்னது. அதனால் எல்லாப் பையனுக்கும் 10 வருடம் விழும் என்று இல்லை. விழாது என்றும் இல்லை. இரண்டு குடும்பமும் தலைவர் வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டால் வழக்கு போய்விடும் என்று நினைக்காதீர்கள். போகாது.

"ஒரு பொட்டணத்த இங்கேருந்து அங்க குடுன்னு சொன்னானாம். இவன் கொண்டுபோய்க் குடுத்தான். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லாதீர்கள். ஹெரோயின் 2 கிராம் என்றாலே சட்டம் மரண தண்டனை அல்லது ஆயுள் என்று போகிறது. 2 கிராம் என்றால் தேநீர்க் கரண்டியில் பாதி. ஐஸ் எனப்படும் போதைப்பொருளையும் 2022இல் கடுமையான பிரிவுக்குள் கொண்டுவந்தார்கள். பொட்டணம் கொடுத்தனுப்புகிறவர்களுக்குப் பிள்ளைகளின் வயது நன்றாகத் தெரியும். பிடிபட்டாலும் சின்னப் பையன், விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். வயது பற்றிய மேலே உள்ள பதில்கள் எல்லாம் இங்கேயும் பொருந்தும்.

"செய்றது பெரியாளு வேல. தண்டன மட்டும் சின்னப்புள்ளக்கா? இது நியாயமா?"

இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், ஆசிரியர்கள் கூட. நான் திருப்பிக் கேட்பது: 16 வயதுப் பையனிடம் உங்கள் வீட்டுக் காசை ஒரு மாதத்துக்குக் கொடுத்து நடத்தச் சொல்வீர்களா? மாட்டீர்கள். வாக்குரிமை 18இல்தான், பொதுச் சட்டப்படி திருமணமும் 18இல்தான். எல்லாவற்றிலும் பிள்ளை என்று சொல்லிவிட்டு, கூண்டில் ஏறியதும் பெரிய ஆள் என்றால் எப்படி? யோசித்து அடக்கிக்கொள்ளும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்கிறது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். கூட்டாளிமார் முன்னால் தைரியம் காட்ட ஓடும் புகைவண்டியில் தொங்கிய எவருக்கும் இது தெரியும்.

மேலே சொன்ன சமவாயத்தின் அதே 37ஆம் உறுப்புரை, விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையைப் பிள்ளைகளுக்குத் தடுக்கிறது. அமெரிக்கா அந்தச் சமவாயத்தை ஏற்கவே இல்லை. 2012இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், 18க்குக் குறைந்தவருக்கு அப்படிப்பட்ட தண்டனையைக் கட்டாயமாக விதிக்கக் கூடாது என்றது. கொலை வழக்கில் நீதிபதி யோசித்து விதித்தால் அந்த நீதிமன்றத்தின் தடை இன்றும் இல்லை. இந்தியாவில் 2012இல் டில்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கூட்டு வன்புணர்வுக் கொடுமைக்குப் பிறகு 2015இல் சட்டத்தை மாற்றி, 16 முதல் 18 வரையானவர்களைக் கொடிய குற்றங்களில் பெரியவர்களாக விசாரிக்கலாம் என்றார்கள். ஆனால் அந்தச் சட்டத்திலும் தூக்கும் விடுதலையற்ற ஆயுளும் கிடையாது. அவ்வளவு கோபத்திலும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

என் கருத்தைக் கேட்டால்: நீண்ட தண்டனை வேண்டிய பையன்களும் இருக்கிறார்கள். 10 வருடம், 15 வருடம் என்று இருக்கட்டும், பெரியவர்களிடமிருந்து பிரித்து வைக்கட்டும், நடுவில் ஒரு திகதியில் யாராவது உட்கார்ந்து அவனைத் திரும்பப் பார்க்கட்டும். திகதி இல்லாத தண்டனையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

"அப்பிடிப் பாத்து விட்டவன் திருந்துவானா?"

உறுதி சொல்ல முடியாது. இங்கிலாந்தில் லிவர்பூல் பக்கம் 1993இல் இரண்டு 10 வயதுப் பையன்கள் 2 வயதுக் குழந்தையைக் கொன்றார்கள். (இன்றைய இலங்கைச் சட்டப்படி அவர்களை விசாரிக்கவே முடியாது, வயதுக் கணக்கைப் பாருங்கள்.) எட்டு வருடத்தில், 2001இல், இருவரையும் புதுப் பெயரோடு விட்டார்கள். ஒருவன் 2010இல் வேறு குற்றத்துக்காகத் திரும்ப உள்ளே போனான். மற்றவனைப் பற்றி அப்படிச் செய்தி எதுவும் வரவில்லை. ஒரே குற்றம், ஒரே வயது, ஒரே தண்டனை. முதலாமவனைக் காட்டி வாதிடுகிறவரும் உண்டு, இரண்டாமவனைக் காட்டுகிறவரும் உண்டு. 10 வயதில் அவர்களைப் பார்த்து யார் எவன் என்று எவரும் சொல்லியிருக்க முடியாது. அதனால்தான் நடுவில் பார்க்கும் திகதி வேண்டும் என்கிறேன்.

"எம் மகளக் கொன்னவனுக்கும் 17 வயசுதான். நீங்க அவனுக்காக எழுதுறீங்க. எனக்கு யாரு எழுதுறது?"

இதைக் கேட்ட அம்மா மகளின் ரிப்போர்ட் புக்கைக் கொண்டு வந்திருந்தார். கணிதத்துக்கு 81. வகுப்பாசிரியர் சிவப்பு மையில் கெட்டிக்காரி என்று எழுதியிருந்தார். நான் மேலே எழுதிய எதையும் அவரிடம் சொல்லவில்லை; சொல்லும் நேரம் அது இல்லை.

ஆனால் அவருக்கும் சட்டம் இருக்கிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டம் 2015இல் வந்தது, 2023இல் புதிதாக இயற்றப்பட்டது. வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டு அறியவும், மிரட்டல் வந்தால் பாதுகாப்புக் கேட்கவும் முடியும். ஜனாதிபதி மன்னிப்பும் கேள்வி கேட்க முடியாத ஒன்றல்ல. கொழும்புப் பக்கம் ரோயல் பார்க் அடுக்குமாடியில் ஒரு யுவதி கொல்லப்பட்ட வழக்கில் 2019இல் ஜனாதிபதி கொடுத்த மன்னிப்பை 2024இல் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு அவர் தூக்கைப் பற்றிப் பேசவில்லை. "அவன் வெளியில வாற அன்னிக்கு எனக்கு முன்கூட்டியே சொல்லுவாங்களா தம்பி? ரோட்டுல திடீருன்னு அவன் மொகத்தப் பாக்க என்னால ஏலாது" என்றார். அன்று அவருக்காக ஒரு கடிதம் சிங்களத்தில் எழுதினேன். விடுதலை, தண்டனைக் குறைப்பு, மன்னிப்பு எதுவானாலும் முன்னறிவித்தல் வேண்டும் என்று கேட்டு, பதிவுத் தபாலில், மூன்று பிரதி. இதே நிலையில் இருக்கும் யாருக்கும் அந்தக் கடிதத்தின் வடிவம் என்னிடம் இருக்கிறது. எழுத்துக் கூலி இல்லை, தபால் செலவை மட்டும் கொண்டு வாருங்கள்.